மனைப்பிரிவில் விட்ட பூங்கா இடத்துக்கு நிதி வாங்குவது எப்படி?

கேட்கப்பட்ட விவரம் இதுதான். நகராட்சி எல்லைக்குள் 120 வீடுகள் உள்ள மனைப்பிரிவு. அங்கீகரித்த வரைபடத்தில் பூங்காவுக்கென்று 30 மீட்டருக்கு 40 மீட்டர் இடம் விட்டிருக்கிறார்கள். பதினைந்து வருடமாக அது சீமைக்கருவேலமும் கட்டட இடிபாடுமாகக் கிடக்கிறது. அதைப் பூங்காவாக்க யாரிடம் நிதி கேட்பது, எப்படிக் கேட்பது?

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட இடத்துக்குப் பணம் வரக்கூடிய வழிகள் நான்கைந்து இருக்கின்றன. நகராட்சியின் சொந்த நிதி, நமக்கு நாமே திட்டம், எம்.எல்.ஏ. நிதி, எம்.பி. நிதி, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதி. எந்த வாசலுக்குப் போனாலும் முதலில் கேட்கப்போவது இரண்டே கேள்விகள்: நிலம் நகராட்சி பெயரில் இருக்கிறதா? கட்டி முடித்தபின் யார் பார்த்துக்கொள்வார்கள்? இந்த இரண்டுக்கும் தாளில் பதில் இல்லாத மனுவைக் கவுன்சிலர், ஆணையர், எம்.எல்.ஏ. எல்லாருமே மரியாதையாக வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதற்குமேல் நகராது. அதனால் நிதிக்கு முன்னால் நிலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஆபீஸ் பேச்சில் இதை ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) இடம் என்பார்கள். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை உள்ள மனைப்பிரிவுகளில் இடத்துக்குப் பதில் அதன் மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம். சில சின்ன நகர்களில் தேடித்தேடியும் பூங்கா இடம் கிடைக்காததற்கு இதுவே காரணம். உங்கள் இடம் 1,200 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 30 சென்ட். 120 மனைகள் உள்ள நகருக்கு இது சரியான அளவுதான்.

வரைபடத்தில் பச்சை வண்ணம் அடித்துப் ‘பூங்கா’ என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. தானப் பத்திரம் பதிவானதா என்று பார்க்க வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டால், மனைப்பிரிவு போட்டவர் நகராட்சிக்கோ அப்போதைய ஊராட்சிக்கோ எழுதிக் கொடுத்த பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் தெரியும். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் கிடைத்த ஆண்டுக்கு ஒரு வருடம் முன்பிருந்தே தேடுங்கள். எல்லைகளைக் காட்டும் அங்கீகரித்த வரைபடத்தின் நகல் நகராட்சி நகரமைப்புப் பிரிவிலோ, நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்திலோ, சென்னைப் பகுதியென்றால் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திலோ (சி.எம்.டி.ஏ.) இருக்கும். கேட்டுக் கொடுக்கவில்லையென்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் “பூங்கா பற்றிய விவரம் தரவும்” என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். “இன்ன எண் கொண்ட மனைப்பிரிவு வரைபடத்தின் சான்றிட்ட நகல், அதில் பூங்காவாகக் காட்டிய இடத்துக்கான தானப் பத்திரத்தின் நகல், அந்த இடம் நகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் பதிவான பக்கத்தின் நகல்” என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இந்தக் கட்டத்தில் மூன்று சிக்கல்கள் அடிக்கடி வெளிவரும். முதலாவது, தானப் பத்திரமே பதிவாகியிருக்காது. பட்டா இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் நிதி கேட்டு அலைவது வீண். வரைபடத்தைக் காட்டி, இடத்தைச் சுவாதீனம் எடுத்துப் பட்டா மாற்றும்படி ஆணையரிடம் முதல் மனுவைக் கொடுங்கள். இரண்டாவது, வரைபடத்தில் ‘பொது உபயோகம்’ என்று போட்ட இடத்தை மக்கள் பூங்கா இடம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அது வேறு, பூங்கா வேறு. பொது உபயோக இடத்தில் ரேஷன் கடையோ நூலகமோ வரலாம். மூன்றாவது, அங்கீகாரம் இல்லாமல் போட்டு, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்கான 2017-ஆம் ஆண்டு திட்டத்தில் வரன்முறை செய்த நகர்கள். இவற்றில் திறந்தவெளிக்குப் பதில் கட்டணம் கட்டியிருப்பார்கள். புரோக்கர் காட்டிய நோட்டீஸில் பூங்கா இருந்திருக்கும், தரையில் சட்டப்படி ஒன்றும் இருக்காது.

பூங்கா இடத்தில் வேறு கட்டடம் வரப்போகிறது என்ற பேச்சு இருந்தாலும் பயப்பட வேண்டாம். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 1991-இல் செல்லாது என்று சொன்ன தீர்ப்பு (பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கு) இன்றும் இதற்குத் துணை நிற்கிறது. தமிழ்நாட்டில் பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றும் இருக்கிறது. மனுவில் இவற்றை ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும், மிரட்டும் தொனி வேண்டாம்.

ஆவணம் சரியென்றால், அடுத்தது அளந்து கல் நடுவது. பதினைந்து வருடம் சும்மா கிடந்த இடத்தில் பக்கத்து வீட்டின் செப்டிக் டேங்கோ, கார் ஷெட்டோ, ஒரு சின்னக் கோயிலோ இரண்டு மூன்று மீட்டர் உள்ளே வந்திருப்பது சாதாரணம். இதைப் பேசித் தீர்க்காமல் எஸ்டிமேட் போட்டால், வேலி போடும் அன்று வேலை நிற்கும். ஒப்பந்ததாரர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார், அந்த நிதியாண்டு முடிந்துவிடும். நகராட்சி நில அளவர் அளந்து கொடுத்த வரைபடத்தில் நான்கு மூலையின் அளவும் இருக்கட்டும்.

இனி பராமரிப்பு. நிதி தருகிறவர் மனத்தில் பெரிதாக நிற்பது இதுதான், மனுக்களில் இல்லாமல் போவதும் இதுதான். எம்.எல்.ஏ. நிதியும் எம்.பி. நிதியும் நிலையான சொத்து உருவாக்கத் தரும் பணம். தோட்டக்காரர் சம்பளம், தண்ணீர், செடி மாற்றுவது போன்ற தொடர் செலவுக்கு அதில் இடமில்லை. கட்டித் திறந்து, இரண்டு கோடையில் காய்ந்து, ஊஞ்சல் சங்கிலி அறுந்து, பூட்டிக் கிடக்கும் பூங்காக்கள் எல்லா ஊரிலும் உண்டு. பொறியாளருக்கும் கவுன்சிலருக்கும் அவை கண்முன்னே இருப்பதால்தான் புதிதாக ஒன்று என்றதும் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. அதைப் போக்க ஒரே வழி, உங்கள் குடியிருப்போர் சங்கப் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, கையெழுத்துகளுடன் மனுவோடு இணைப்பது. வாசகம் இப்படி இருக்கலாம்:

“நகராட்சிக்குத் தானமாக வழங்கப்பட்ட 1,200 சதுர மீட்டர் பூங்கா இடத்தில் அமையவுள்ள பூங்காவைத் தினமும் திறந்து மூடுதல், சுத்தம் செய்தல், செடிகளுக்கு நீர் பாய்ச்சுதல் ஆகியவற்றைச் சங்கம் தன் செலவில் ஐந்து ஆண்டுகளுக்கு ஏற்கிறது. மின் கட்டணமும் கட்டுமானப் பழுதும் நகராட்சியைச் சேர்ந்தவை. பூங்கா எல்லாப் பொதுமக்களுக்கும் கட்டணமின்றித் திறந்திருக்கும்.”

கடைசி வரியைச் சிலர் விரும்புவதில்லை. நம் நகர்க்காரர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைக்கலாமே என்பார்கள். தானம் கொடுத்த இடம் பொதுச் சொத்து. வெளியாட்கள் வரக்கூடாது என்ற பேச்சு ஒருமுறை எழுந்தால் பொது நிதி எதுவும் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. மின் கட்டணம் யாருடையது என்பதையும் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இணைப்பு நகராட்சி பெயரில் இருக்க வேண்டும். ஒரு நிர்வாகியின் சொந்தப் பெயரில் வாங்கி, அவர் வீடு மாறியதும் விளக்கு அணைந்த கதைகள் நிறைய.

தீர்மானத்துக்குப் பின்னால் உண்மையான கணக்கு இருக்க வேண்டும். 120 வீடும் மாதம் 150 ரூபாய் கொடுத்தால் 18,000 ரூபாய். எல்லாரும் கொடுக்கமாட்டார்கள்; 90 வீடு என்று வைத்தால் 13,500. பகுதிநேரத் தோட்டக்காரர் ஒருவர், உரம், குழாய்ப் பழுது என்று இதற்குள் அடங்கும் பூங்காவைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். செயற்கை நீரூற்றும் பெரிய புல்வெளியும் இந்தக் கணக்கில் அடங்காது. புல்வெளிக்குக் கோடையில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். 300 சதுர மீட்டர் புல்லென்றால் தினமும் 1,500 லிட்டர். ஏப்ரலில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று பார்த்துவிட்டுப் புல்லைக் கேளுங்கள்.

நிதி வழிகளில் உங்கள் நிலைக்கு மிகப் பொருத்தமானது என்று நான் நினைப்பது நமக்கு நாமே திட்டம். 1997-98-இல் தொடங்கி, 2021-இல் மீண்டும் உயிர்பெற்ற திட்டம் இது. நகரப் பகுதிகளில் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தருகிறது. நீர்நிலைப் பணியென்றால் மக்கள் பங்கு பாதி. பூங்கா, விளையாட்டுத் திடல், மரம் நடுதல் எல்லாம் இதில் வரும். பங்கை எல்லா வீடும் சேர்ந்து கட்டலாம், ஒரே ஆள் கட்டலாம், ஒரு கம்பெனி கட்டலாம். கணக்குக்காக மதிப்பீடு 24 லட்சம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் பங்கு 8 லட்சம். ஊரில் தொழில் நடத்துகிறவர்களும் வெளிநாட்டில் இருக்கும் மனை உரிமையாளர்களும் சேர்ந்து 4 லட்சம் தந்தால், மீதி வீட்டுக்கு 3,333 ரூபாய்தான்.

இதில் வரிசை முக்கியம். வசூலை முதலில் தொடங்கிவிடாதீர்கள். நகராட்சிப் பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போட்டபிறகு, பங்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு வசூலியுங்கள். தனி வங்கிக் கணக்கு, காசோலையோ ஜி.பே.யோ மட்டும், ரொக்கம் வேண்டாம். ஆணையர் பெயரில் டி.டி. எடுத்துக் கட்டி, ரசீதை நகர் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். உத்தேசமாக வசூலித்துவிட்டு மதிப்பீடு கூடுதலாக வந்தால் இரண்டாம் முறை போய் நிற்க வேண்டியிருக்கும். இரண்டாம் முறை யாரும் மனமுவந்து கொடுப்பதில்லை. மதிப்பீட்டில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., தொழிலாளர் நலநிதி 1 விழுக்காடு, இதர செலவு எல்லாம் மேலே ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். வேலைக்கு மட்டும் 20 லட்சம் என்று நீங்கள் போட்ட கணக்கு கோப்பில் 24 லட்சமாக நிற்பது இதனால்தான்.

எம்.எல்.ஏ. நிதி தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி. நிதி ஆண்டுக்கு 5 கோடி. கேட்க இரண்டும் பெரிதாகத் தெரியும். ஆனால் ஒரு சட்டமன்றத் தொகுதியில் எத்தனை பள்ளி, எத்தனை சாலை, எத்தனை பஸ் நிறுத்தம் என்று யோசித்தால் ஒரு பூங்காவுக்கு எவ்வளவு வரும் என்பது புரியும். உறுப்பினர் பரிந்துரைப்பார், அனுமதி தருவது மாவட்ட நிர்வாகம், வேலை செய்வது நகராட்சி. ஆகவே எம்.எல்.ஏ. அலுவலகத்தில் “பூங்கா அமைத்துத் தாருங்கள்” என்று கேட்பதைவிட, “இந்தப் பூங்காவின் சுற்றுவேலி 140 மீட்டருக்கு மதிப்பீடு இதோ” என்று பிரித்துக் கேட்பது நல்லது. ஒரே வேலைக்கு இரண்டு நிதியில் பணம் எடுத்தால் கணக்கு சிக்கலாகும் என்பதால், வேலி ஒரு நிதியில், நடைபாதை ஒரு நிதியில், விளையாட்டுச் சாதனம் ஒரு நிதியில் என்று கூறு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தணிக்கையில் சிக்கல் வராது, ஒன்று தள்ளிப்போனாலும் மற்றது நிற்காது.

மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டமான அம்ருத் 2.0, மாநில அரசின் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்றவற்றில் நகராட்சியே பூங்காப் பட்டியல் தயாரித்து மேலே அனுப்பும். தனிச் சங்கம் நேரடியாக விண்ணப்பிக்க அங்கே இடமில்லை. உங்கள் வேலை, பட்டியல் போடும்போது உங்கள் இடத்தின் ஆவணங்கள் பொறியாளர் மேசையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. வார்டு மக்களைக் கூட்டி நடத்தும் பகுதி சபா கூட்டத்தில் இதைக் கோரிக்கையாகச் சொல்லிப் பதிவு செய்ய வையுங்கள். பதிவேட்டில் ஏறிய கோரிக்கைக்குக் கவுன்சிலர் பதில் சொல்லியாக வேண்டும்.

சி.எஸ்.ஆர். பணத்தைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தப் பணத்தை உங்கள் சங்கத்தின் கணக்கில் போட வேண்டுமென்றால் சங்கத்துக்கு 12ஏ, 80ஜி எனப்படும் வருமான வரி விலக்குப் பதிவுகளும், கம்பெனி விவகாரத் துறையின் சி.எஸ்.ஆர்.-1 பதிவும், இதே போன்ற பணியில் மூன்று வருட அனுபவமும் வேண்டும். சாதாரணக் குடியிருப்போர் சங்கத்துக்கு இவை இருக்காது. இதற்காக இப்போது போய்ப் பதிவு செய்தாலும் மூன்று வருட அனுபவத்தை உருவாக்க முடியாது. நேர்வழி, கம்பெனி தன் கையாலோ தகுதியுள்ள ஒரு தொண்டு நிறுவனம் வழியாகவோ வேலையைச் செய்து நகராட்சியிடம் ஒப்படைப்பது. சி.எஸ்.ஆர். பணத்தில் உருவான சொத்தை அரசு அமைப்பு வைத்துக்கொள்ளலாம் என்று விதி அனுமதிக்கிறது. நகராட்சியின் தடையின்மைச் சான்றும் மூவருக்கும் இடையே புரிந்துணர்வு ஒப்பந்தமும் போதும்.

கம்பெனிக்கு அனுப்புவது இரண்டு பக்கம் தாண்ட வேண்டாம். நிலப் பத்திர எண், இடத்தின் இன்றைய நான்கு படங்கள், வேலை வாரியாகத் தொகை, அரை கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளி, அங்கன்வாடி, வீடுகளின் எண்ணிக்கை, பராமரிப்புத் தீர்மானம். இவ்வளவுதான். கேட்கும் காலமும் பார்க்க வேண்டும். வருடத் திட்டத்தை நிதியாண்டின் தொடக்கத்தில் முடிவு செய்வார்கள், அதற்கு மார்ச்சிலேயே உங்கள் தாள் போய்ச் சேர வேண்டும். டிசம்பருக்குப் பிறகு வேறொரு வாய்ப்பு வரும். செலவாகாத பணத்தை அரசு நிதியொன்றில் கட்ட வேண்டியிருப்பதால், உடனே தொடங்கக்கூடிய வேலையைத் தேடுவார்கள். தடையின்மைச் சான்று கையில் உள்ளவர்களுக்கு அப்போது கிடைக்கும்.

மரக்கன்றுகளுக்குப் பணம் தேட வேண்டாம். பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தில் வனத்துறை நாற்றங்கால்கள் கன்று வளர்த்துத் தருகின்றன.

மதிப்பீட்டுக்கு வருவோம். பொறியாளர்தான் போடுவார் என்றாலும் அளவுகள் உங்களிடம் தயாராக இருந்தால் ஓவர்சியருக்கு வேலை குறையும், விட்டுப்போவதும் குறையும். 30-க்கு 40 மீட்டர் இடத்தின் சுற்றளவு 140 மீட்டர். அரை மீட்டர் அளவுக்குத் தாழ்ந்த அடிச்சுவர், அதன்மேல் ஒன்றரை மீட்டர் உயரச் செயின் லிங்க் வலை, 2.5 மீட்டருக்கு ஒரு கம்பம் என்றால் 56 கம்பங்கள். ஆளுயர மதில் சுவர் கேட்காதீர்கள். செலவு பல மடங்கு, அதோடு வெளியிலிருந்து உள்ளே தெரியாத பூங்காவில் மாலை ஆறு மணிக்குமேல் பெண்களும் குழந்தைகளும் இருக்கமாட்டார்கள். பாட்டில்தான் உடைந்து கிடக்கும்.

வேலியிலிருந்து ஒன்றரை மீட்டர் உள்ளே தள்ளி, ஒன்றரை மீட்டர் அகல நடைபாதையைச் சுற்றிலும் போட்டால் நடுக்கோட்டில் 122 மீட்டர் வரும். எட்டு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பரப்பு 183 சதுர மீட்டர். கீழே 15 சென்டிமீட்டர் கெட்டித்த ஜல்லிப் படுகைக்கு 27.5 கன மீட்டர், அதன்மேல் 3 சென்டிமீட்டர் எம்-சாண்டுக்கு 5.5 கன மீட்டர், அதன்மேல் 60 மி.மீ. பேவர் பிளாக். இரண்டு ஓரத்திலும் கெர்ப் கல் (ஓரக்கல்) பதித்துக் கான்கிரீட் பிடித்திருக்க வேண்டும். இந்தக் கெர்ப் கல்லைத்தான் செலவு குறைக்க முதலில் வெட்டுவார்கள். ஓரம் பிடிமானம் இல்லாத பேவர் இரண்டு மழையில் பக்கவாட்டில் நகர்ந்து, நடுவில் இடைவெளி விட்டு, வயதானவர்கள் கால் தடுக்கும் இடமாகிவிடும். ஜல்லிப் படுகையை விட்டுவிட்டு மண்மேல் நேராகக் கல் பதித்தால், குறிப்பாகக் களிமண்ணில், ஆறு மாதத்தில் அலை அலையாகிவிடும். பாதை ஒரு பக்கம் 50-க்கு 1 சாய்வாக இருக்கட்டும்.

எல்லாரும் மறக்கும் ஓர் ஐட்டம் மண் நிரப்புவது. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் சாலை உயர்ந்திருக்கும், பூங்கா இடம் மட்டும் பழைய மட்டத்திலேயே இருக்கும். முழு இடத்தையும் 30 சென்டிமீட்டர் உயர்த்த 360 கன மீட்டர் மண் வேண்டும், ஏறத்தாழ 127 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி). கெட்டிக்கும்போது இன்னும் தேவைப்படும். மதிப்பீட்டில் இது இல்லாமல் தொடங்கினால் பாதிப் பணம் மண்ணுக்கே போய், ஊஞ்சலும் விளக்கும் காணாமல் போகும். என் யோசனை, முழுவதையும் உயர்த்தாமல் பாதையும் விளையாடும் இடமும் மட்டும் உயரட்டும். நடுப்பகுதி தாழ்வாகவே இருந்து மழைநீரை வாங்கட்டும். 50 மி.மீ. மழை ஒன்று பெய்தால் இந்த 1,200 சதுர மீட்டரில் மட்டும் 60,000 லிட்டர் விழுகிறது. இரண்டு உறிஞ்சு கிணறு வைத்தால் அது உங்கள் போர்வெல்லுக்கே வந்து சேரும்.

ஊஞ்சல், சறுக்கு, சீசா இவற்றைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1.8 மீட்டர் காலி இடம் வேண்டும், ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் இன்னும் கூடுதலாக. அடியில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணல். சிமென்ட் தரை, பேவர் தரை மேல் விளையாட்டுச் சாதனம் வைக்க விடாதீர்கள். சறுக்கு மேற்கு நோக்கி இருந்தால் மாலை வெயிலில் தொட முடியாத சூடு ஏறும். கடற்கரை ஊர்களில் சாதா இரும்புக்குப் பெயின்ட் அடித்தது இரண்டு வருடத்தில் துருப்பிடிக்கும்; சூடாகத் துத்தநாகம் பூசியது என்று மதிப்பீட்டிலேயே எழுத வையுங்கள். விளக்குக் கம்பம் எட்டு போதும். கழிப்பறையைச் சின்னப் பூங்காவில் கேட்க வேண்டாம் என்பேன்; தினமும் கழுவ ஆள் இல்லையென்றால் முழுப் பூங்காவையும் அது கெடுத்துவிடும்.

மரம் நட வேலிக்கும் பாதைக்கும் நடுவில் ஐந்து மீட்டருக்கு ஒன்றாக 25 குழிகள் வரும். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு மூன்றடிக்கு மூன்றடி. ஓரத்துக்கு மகிழம், சரக்கொன்றை, பூவரசு. உள்ளே வேம்பு, புங்கை, நாவல். குல்மோகரும் பெருங்கொன்றையும் சீக்கிரம் வளர்ந்து பூக்கும், ஆனால் காற்றுக்கு முறியும். 2016 டிசம்பரில் வர்தா புயலில் சென்னைத் தெருக்களில் சாய்ந்து கிடந்தவற்றில் இப்படிப்பட்ட மரங்கள் நிறைய. நடவேண்டியது புரட்டாசி, ஐப்பசியில். மார்ச் மாதம் பில் முடிக்க வேண்டுமென்று அவசரத்தில் நட்ட கன்றுகள் மே மாதம் குச்சியாக நிற்கும்.

கையில் கிடைக்கும் முதல் தொகை வேலி, மண், தண்ணீர், மரம் இவற்றுக்கே போகட்டும். விளையாட்டுச் சாதனத்தைத் திறப்பு விழாவுக்காக முதலில் கேட்பார்கள், இணங்காதீர்கள். வேலி போட்ட நாளிலிருந்து குப்பை கொட்டுவது நிற்கும், ஆக்கிரமிப்பு நிற்கும். மரம் இரண்டு வருடம் முன்னதாக வளரத் தொடங்கும். ஊஞ்சல் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

மனு கொடுத்தபின் கோப்பு நடக்கும் பாதை: உதவிப் பொறியாளர் ஆய்வு, மதிப்பீடு, நகர்மன்றத் தீர்மானம், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை. ஒவ்வொரு கட்டத்திலும் கோப்பு எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அதைச் சொல்லி விசாரியுங்கள். நகராட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் போடுவதால், சொந்த நிதியில் ஒரு பகுதி கேட்பதென்றால் மனு நவம்பரில் உள்ளே போக வேண்டும். தேர்தல் வருடமென்றால் இன்னொரு கணக்கும் உண்டு. நடத்தை விதி அமலுக்கு வந்ததும் புதிய அனுமதி கிடையாது. பணி ஆணை வாங்கியும் தரையில் தொடங்காத வேலையைத் தொடங்கவும் முடியாது. தேர்தல் நெருங்குகிறதென்றால் பணி ஆணை கிடைத்த வாரமே அடிச்சுவருக்கு வாணம் தோண்ட வைத்து, தேதியுடன் படம் எடுத்து வையுங்கள்.

வேலை நடக்கும்போது மதிப்பீட்டின் நகல் ஒன்று சங்கத்தின் கையில் இருக்கட்டும். நமக்கு நாமேயில் பணம் கட்டியவர்கள் என்ற முறையில் கேட்டு வாங்கலாம். ஜல்லிப் படுகை 15 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று கல் பதிப்பதற்கு முன்னால்தான் பார்க்க முடியும், பதித்தபின் யாராலும் காட்ட முடியாது. அந்த ஒருநாள் இரண்டு பேர் டேப்புடன் அங்கே இருங்கள். எம்-புக்கில் (பில்லுக்காகப் பொறியாளர் அளவு எழுதும் புத்தகம்) ஏறிய அளவும் தரையில் உள்ள அளவும் ஒத்துப்போகாவிட்டால், பில் போவதற்கு முன்பே பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள். வேலையில் தெரியவரும் குறைகளை ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் வரை ஒப்பந்ததாரரின் பணத்தில் ஒரு பகுதி நகராட்சியிடம் நிற்கும். அந்தத் தேதியைக் குறித்து வைத்து, ஒரு மாதம் முன்னால் பூங்காவைச் சுற்றி வந்து, தூக்கிய பேவர், எரியாத விளக்கு, ஆடும் கம்பம் எல்லாவற்றையும் படத்துடன் பட்டியலிட்டுக் கொடுத்தால் அவர் செலவிலேயே சரிசெய்து வாங்கிவிடலாம்.